குரல் தேர்வு இல்லாத சேர்ந்திசைப் பட்டறை: முதல் நாளை நடத்துவதற்கான வழிகாட்டி

உங்கள் குடியிருப்பிலோ ஊர் நூலகத்திலோ முப்பது பேரைக் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் அவர்களை ஒன்றாகப் பாடவைக்க வேண்டும். வருகிறவர்களில் பாட்டு முறையாகக் கற்றவர்கள் நான்கைந்து பேர் இருக்கலாம். மற்றவர்கள், வீட்டில் ஆள் இருந்தால் முணுமுணுக்கக்கூடக் கூச்சப்படுகிறவர்கள். அப்படி ஒரு பட்டறையை முதன்முதலாக நடத்தப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் நடத்திய முதல் பட்டறையில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். வந்ததும் பாட்டுத் தாளைக் கொடுத்தேன், என் குரலுக்குத் தோதான சுருதியை வைத்தேன், எல்லோருக்கும் தெரியும் என்று ஒரு திரைப்பாட்டை எடுத்தேன். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மற்றவர்கள் தொடங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதும் அதே தடுமாற்றத்தைக் கண்டேன். இசையறிவு இருந்தும் தடுமாறினார்கள், காரணம் வரிசை மாறியதுதான். கேட்பது முதலில், பாடுவது அடுத்து, படிப்பது கடைசியில். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த வரிசையைக் காப்பாற்றத்தான்.

1. அழைப்பில் என்ன எழுதுவது

"பாட்டில் ஆர்வமுள்ளவர்கள் வரலாம்" என்று எழுதினால் பாடத் தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள். "குரல் தேர்வு கிடையாது, யாரையும் தனியாகப் பாடச் சொல்ல மாட்டோம்" என்று எழுதுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை "நீ பாடாதே, சும்மா நில்" என்று சொல்லப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய. ஐம்பது வயதிலும் அந்தச் சொல் மனதில் இருக்கும். அவர்கள் துணிந்து வரக் காரணமாக இருப்பது இந்த ஒரு வரிதான்.

எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். அறிமுகம் செய்துகொள்ளும்போது விளையாட்டாகக்கூட "ஒரு வரி பாடிக் காட்டுங்களேன்" என்று கேட்காதீர்கள்.

மாடிப்படி உண்டா, எத்தனை மணிக்கு முடியும், குழந்தைகளைக் கூட்டிவரலாமா என்ற மூன்றையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். முதல் முறைக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவரின் குரல் உங்கள் காதுக்கு எட்டாது. பன்னிரண்டு பேருக்குக் கீழே குறைந்தால் கூச்சப்படுகிறவர் ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

2. இடமும் நேரமும்

ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை நல்ல நேரம். மதியச் சாப்பாடு செரித்திருக்கும், குரலும் பேசிப் பேசி இளகியிருக்கும், இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். காலை 7 மணிக்கு வைத்தால் பலருக்கு மேல் ஸ்வரங்கள் எட்டாது.

தரைத்தளத்தில், கை வைக்காத நாற்காலிகள் உள்ள இடமாகப் பாருங்கள். கல்யாண மண்டபம் வேண்டாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் பாடுவது தெளிவாகக் கேட்காது. வகுப்பறை அளவுள்ள அறை, தரையில் இரண்டு ஜமக்காளம், ஜன்னலில் துணி இருந்தால் போதும்.

முந்தின நாளே போய் மின்விசிறிகளை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய விசிறிகள் தங்களுக்கென ஒரு ஸ்வரத்தில் முனகும். அது உங்கள் சுருதியோடு மோதினால் முப்பது பேரும் காரணம் தெரியாமல் விலகுவார்கள். ஒலிபெருக்கியும் வேண்டாம். நடத்துகிறவர் மைக்கில் பாடினால் மற்றவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சுருதிப் பெட்டி (தம்புரா செயலி உள்ள கைபேசியும் சிறு ஸ்பீக்கரும் போதும்), ஹார்மோனியம் அல்லது சிறு கீபோர்டு, வெதுவெதுப்பான குடிநீர், கடைசியில் கொடுப்பதற்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த பாட்டு.

3. பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ஒரு பட்டறைக்கு மூன்று சிறு பாட்டுகள் போதும். ஒவ்வொன்றையும் இந்த நான்கு சல்லடையில் சலித்துப் பாருங்கள்.

முதலாவது, பாட்டின் அகலம். மிகக் கீழான ஸ்வரத்துக்கும் மிக மேலான ஸ்வரத்துக்கும் இடையில் ஒரு ஸ்தாயியும் (ஒரு ஸ முதல் அதற்கு அடுத்த மேல் ஸ வரை) அதற்கு மேல் ஓரிரு ஸ்வரமும் இருக்கலாம், அவ்வளவுதான். திரைப்பாட்டுகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். பல்லவி எளிதாக இருக்கும், சரணத்தில் மேலே ஏறிவிடும். அவை ஒரு தனிக்குரலின் எல்லைக்காக அமைக்கப்பட்டவை.

இரண்டாவது, கமகம். தோடி போன்ற ராகத்தில் ஒரு ஸ்வரம் அசையும் விதம்தான் அதன் உயிர். முப்பது பேர் சேர்ந்து அசைக்கும்போது முப்பது விதமாக அசையும், கேட்பதற்குக் கலங்கிய தண்ணீர் மாதிரி இருக்கும். ஸ்வரங்கள் நேராக நிற்கும் பாட்டாக எடுங்கள். மோகனம், சுத்த சாவேரி போன்ற ஐந்து ஸ்வர ராகங்களில் அமைந்த மெட்டுகள் மிகப் பொருத்தம். மோகனத்தில் மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் அரை ஸ்வர நெருக்கம் எங்குமே வராது. இருவர் வெவ்வேறு ஸ்வரத்தில் நின்றுவிட்டாலும் காதைக் குத்தாது. பிறகு அணி பிரிக்கும்போது இந்தக் குணம் பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாவது, எடுப்பு. தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்கும் சம எடுப்புப் பாட்டாக இருக்கட்டும். தட்டுக்குப் பின் அரை இடம் விட்டு எடுக்கும் பாட்டை ஒருவர் சரியாக எடுப்பார், முப்பது பேர் எடுக்கும்போது பத்துப் பேர் முந்திவிடுவார்கள். சொன்னாலும் திருந்தாது. அவர்கள் மேல் தவறில்லை, தட்டு விழும்போது வாய் திறப்பது இயல்பு.

நான்காவது, மறுபடி மறுபடி வரும் வரி. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, ஓடப்பாட்டு, கும்மி எல்லாவற்றிலும் ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்றோ தன்னானே என்றோ வாங்கிப் பாடும் அமைப்பு உண்டு. கூட்டமாக வேலை செய்தவர்கள் மூச்சையும் கையையும் சேர்த்துவைக்கக் கண்டுபிடித்த அமைப்பு அது. புதியவர்களின் பட்டறைக்கு இதைவிடத் தோதானது கிடையாது. பொருள் புரிய வேண்டியதில்லை, மனப்பாடம் வேண்டியதில்லை, முதல் நிமிடத்திலேயே எல்லோரும் பாட்டுக்குள் வந்துவிடலாம்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. அறைக்குள் சேர்ந்து பாடுவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கவனம் தேவை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆனவை; ஆனால் அவற்றுக்குத் திரைப்படத்தில் போட்ட மெட்டு வேறொருவருடையது. சொல்லுக்கு உரிமைச் சிக்கல் இல்லை என்பதால் மெட்டுக்கும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

4. சுருதியை முந்தின நாளே முடிவுசெய்யுங்கள்

ஸ-வை எங்கே வைக்கிறோம் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை C-யில் தொடங்கி 1, 2, 3 என்று எண்ணுவது; ½ என்றால் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. கச்சேரியில் ஆண்கள் பொதுவாக 1, 1½ கட்டையிலும் பெண்கள் 5, 5½ கட்டையிலும் பாடுவார்கள். நடத்துகிறவர் பழக்கத்தில் தன் கட்டையையே வைத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பெண் ஒருவர் 5 கட்டையில் எடுத்தால் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே போய் உறும வேண்டும், இல்லையென்றால் மேலே போய்க் கத்த வேண்டும். இரண்டும் முடியாதவர்கள் நடுவில் ஏதோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களைத்தான் நாம் "சுருதி சேராதவர்" என்று சொல்லிவிடுகிறோம்.

ஆணும் பெண்ணும் ஒரே பாட்டைச் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாட, நான் கடைப்பிடிக்கும் எல்லை இது: பாட்டின் மிகக் கீழான ஸ்வரம் ஹார்மோனியத்தில் 6 கட்டைக்குக் கீழே போகக்கூடாது, மிக மேலான ஸ்வரம் அதிலிருந்து ஒரு ஸ்தாயிக்கும் மேலே வரும் 2 கட்டையைத் தாண்டக்கூடாது. இந்த எல்லைக்குள் பயிற்சி இல்லாத குரல்களும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பாட்டு மத்திய ஸ்தாயி ஸ முதல் மேல் ஸ வரை மட்டும் போகிறதா? ஸ-வை 1 கட்டையில் வையுங்கள். கீழே மந்திர ஸ்தாயி (அதாவது கீழ் ஸ்தாயி) ப வரை இறங்கி மேலே ப, த வரை ஏறுகிறதா? 2 அல்லது 2½ கட்டை. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பாட்டுக்கு மூன்று கட்டை வரலாம். "ஒரே சுருதியில் எல்லாம் பாடிவிடலாம்" என்பது வசதி, ஆனால் யாராவது ஒருவரின் தொண்டைதான் அதற்கு விலை கொடுக்கும்.

5. நிற்கவைக்கும் விதம்

வரிசையாக உட்காரவைக்காதீர்கள். அரைவட்டமாக, பெரிய கூட்டமானால் இரண்டு அரைவட்டமாக நிற்கட்டும். ஒவ்வொருவரும் இன்னொருவரின் முகத்தைப் பார்க்க முடிய வேண்டும். எல்லோரும் உங்கள் கையைப் பார்க்க முடிய வேண்டும். இருவருக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தால் தன் குரலும் கேட்கும், அடுத்தவர் குரலும் கேட்கும். தோளோடு தோள் நின்றால் தன் குரல் கேட்காது. தன் குரல் கேட்காதவர் உரக்கப் பாடுவார்.

முதியவர்களுக்கு நாற்காலி, முதுகு சாயாமல் முன்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். காது சற்று மந்தமானவர்களை உங்களுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கையாகப் பாடும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் இருவரையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் நீங்கள் பாடிய வரியை அந்த ஆண் அவர் ஸ்தாயியில் ஒருமுறை பாடிக் காட்ட வேண்டும். பெண் குரலைக் கேட்டு அதை ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்வது பழகாத ஆண்களுக்குக் கடினம். இந்த ஒரு ஏற்பாடு பாதிச் சுருதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

6. முதல் இருபது நிமிடம்

வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். ஐந்து பேர் வந்ததும் ஒரு ஏலேலோவைத் தொடங்கிவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் நடந்துகொண்டிருக்கும் பாட்டுக்குள் நுழைவார்கள். அமைதியான அறைக்குள் முதல் குரலை எழுப்பும் பயம் யாருக்கும் வராது.

அடுத்து உடம்பு. தோளைச் சுழற்றுவது, கழுத்தைத் தளர்த்துவது, கொட்டாவி விடுவது, நீளமாகப் பெருமூச்சு விடுவது. பெருமூச்சோடு மெல்ல ஒரு ஒலியும் சேர்ந்து இறங்கட்டும். இவை இரண்டு நிமிடம் போதும்.

மூச்சுக்கு "ஸ்ஸ்ஸ்" என்று மெல்லிய காற்றைப் பத்து எண்ணிக்கை வரை விடச் சொல்லுங்கள். பிறகு பதினைந்து. தோள் மேலே ஏறாமல், விலா பக்கவாட்டில் விரிவதைக் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்ந்து பாடும்போது பாட்டு இறங்குவதற்கு முதல் காரணம் வரியின் கடைசியில் மூச்சு தீர்ந்துபோவது. அதனால்தான் இந்தப் பயிற்சி பாட்டுக்கு முன்னால் வருகிறது.

பிறகு குரல். குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டை அதிரவிட்டு "ப்ர்ர்ர்" என்று ஓட்டுவார்களே, அதையே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். இதில் ஸ்வரம் தவறுவதற்கே இடமில்லை. வெட்கம் கலைவதும் இங்கேதான். அதன்பின் வாயை மூடி "ம்ம்", அதிலிருந்து அகாரத்துக்கு, அதாவது "ஆ" என்ற ஒலிக்கு, வாயைத் திறப்பது.

கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையில் தொடங்கும் ஆசை கற்றவர்களுக்கு வரும். தொடங்காதீர்கள். ஸரிகம என்ற எழுத்துகளைக் கேட்டதுமே "இது எனக்கானது அல்ல" என்று பின்வாங்குகிறவர்கள் உண்டு. அதே ஏற்ற இறக்கத்தை "லா"வில் பாடவைத்தால் யாரும் பின்வாங்குவதில்லை.

7. சுருதியோடு சேராத குரல்

ஒரு குரல் விலகிக் கேட்கும். யாரென்றும் தெரிந்துவிடும். அப்போது அவரைப் பார்க்காதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள்.

எல்லோரையும் நிறுத்தி, மெதுவாக, முணுமுணுக்கும் அளவில் ஸ-வை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஒலி குறையும்போது காது விழித்துக்கொள்ளும். விலகிய குரல்களில் பெரும்பாலானவை இங்கேயே வந்து சேர்ந்துவிடும். அப்படியும் சேரவில்லையென்றால் இடைவேளையில் அவரோடு பேசிக்கொண்டே இதைச் செய்யுங்கள்: அவருக்கு வசதியான எந்த ஒலியையாவது எழுப்பச் சொல்லி, நீங்கள் போய் அவர் ஸ்வரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். இரு குரலும் ஒன்றாகும்போது வரும் அதிர்வை அவர் முதன்முறையாக உணர்வார். பிறகு இருவரும் சேர்ந்தே மெல்ல வழுக்கி ஸ-வுக்கு வாருங்கள். "நீ என் ஸ்வரத்துக்கு வா" என்று வாழ்நாள் முழுதும் சொல்லப்பட்டவருக்கு, ஒருவர் தன் ஸ்வரத்துக்கு வந்து நிற்பது பெரிய விஷயம். கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிலர் ஸ-வுக்குப் பதிலாக ப-வைப் பிடிப்பார்கள். அது செவித்திறன் இருப்பதற்கே அடையாளம். தம்புராவில் ஸ-வும் ப-வும் சேர்ந்தே ஒலிக்கின்றன. குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் பகுதியை மட்டும் கொடுங்கள், மேல் ஸ்தாயியில் சும்மா இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

8. பாட்டைச் சொல்லிக்கொடுத்தல்

முதலில் முழுப் பாட்டையும் நீங்கள் பாட, அவர்கள் கேட்கட்டும். கூடவே பாட வருவார்கள். இந்த ஒரு முறை மட்டும் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்து சொற்களைத் தாளத்தில் பேசவையுங்கள். மெட்டு வேண்டாம். இடக்கால், வலக்கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே பேசட்டும். கைதட்ட வைத்தால் வேகம் கூடிக்கொண்டே போகும், கால் அவ்வளவு ஓடாது. மெட்டும் சொல்லும் தாளமும் ஒன்றாக வந்தால் புதியவர் மூன்றையும் விட்டுவிடுவார். ஒவ்வொன்றாக வந்தால் மூன்றும் தங்கும்.

பிறகு வரி வரியாக. ஒரு மூச்சில் அடங்கும் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். "உள்ளங்கை என் பக்கம் திரும்பினால் நான் பாடுகிறேன், உங்கள் பக்கம் திரும்பினால் நீங்கள்" என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இந்தச் சைகையை முதலிலேயே பழக்கிவிட்டால் "இப்போது நீங்கள்" என்று சொல்லி ஓட்டத்தை அறுக்க வேண்டியதில்லை.

அவர்கள் பாடும்போது நீங்கள் பாடாதீர்கள். இது கடினம். உதவுவதாக நினைத்துக் கூடவே பாடுவோம். அவர்கள் நம் குரலில் சாய்ந்துகொள்வார்கள், எங்கே தவறுகிறது என்பதும் நம் காதில் விழாது. ஒரு இடம் தவறினால் அந்தத் துண்டை மட்டும் மூன்று முறை செய்யுங்கள். நாலாவது முறை வேண்டாம், அடுத்ததற்குப் போய்விட்டுப் பிறகு திரும்புங்கள்.

தாளை இந்த நேரத்தில் கொடுக்காதீர்கள். தாள் கைக்கு வந்ததும் தலை குனியும், தொண்டை மடங்கும், ஒலி தரையைப் பார்த்துப் போகும், காதும் மூடிக்கொள்ளும். தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அந்த நிமிடமே பின்தங்குவார்கள். காதால் கற்கும்போது தாத்தாவும் பேத்தியும் ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது தாள் கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சுருதியைக் காட்டுங்கள், இரண்டு தட்டு எண்ணுங்கள், மூச்சை அவர்கள் பார்க்கும்படி இழுங்கள். உங்களோடு எல்லோரும் மூச்சிழுப்பார்கள். ஒன்றாக மூச்சிழுத்தால் ஒன்றாகத் தொடங்கும்.

9. இரண்டாகப் பிரிதல்

ஒரு பாட்டு தாளில்லாமல், நீங்கள் பாடாமல், முழுதாக ஓடிய பிறகே இதற்கு வாருங்கள். இரண்டு குரலாக ஒலிப்பதைக் கேட்கும் ஆசையில் அவசரப்பட்டுத்தான் பல பட்டறைகள் கலைகின்றன.

முதல் படியில் ஒரு அணி ஸ-வையும் ப-வையும் மட்டும் அகாரத்தில் பிடித்து நிற்கும், இன்னொரு அணி அதன்மேல் பாடும். மூச்சு தீர்ந்தவர் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு மறுபடி சேரட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் ஒலி அறுபடாது. அடுத்த படியில் நிற்கும் அணிக்கு நாலு தட்டுக்குள் சுழலும் ஒரு சிறு வரி, ஏலேலோ மாதிரி. இது ஓடத் தொடங்கியதும் அறையே மாறிவிடும்.

மூன்றாவது படியில் அதே பாட்டை இரண்டாம் அணி ஒரு வரி பின்தள்ளித் தொடங்கும். மோகன மெட்டு இங்கே கைகொடுக்கும். காதைப் பொத்திக்கொண்டு தன் வரியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பொத்த வேண்டாம், எதிர் அணியைக் கேட்டுக்கொண்டே பாடுங்கள் என்று சொல்லுங்கள். அறுந்துபோனால் நின்று மறுபடி தொடங்கினால் ஆயிற்று.

வெவ்வேறு மெட்டில் நிற்கும் இரண்டாம் குரலை முதல் நாளில் தொட வேண்டாம்.

10. ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்கள்

இவர்களால் வரும் சிக்கலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கர்நாடக இசை கற்றவர் இரண்டாம் முறையிலேயே ஒரு சங்கதியை, அதாவது அதே வரியை அலங்கரித்து மாற்றிப் பாடுவதை, சேர்ப்பார். சர்ச் கோயரில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று பிரித்துப் பாடிப் பழகியவர் "என் பார்ட் எது?" என்று காத்திருப்பார். கரோக்கேயில் பாடுகிறவர் அழகாகப் பாடுவார், ஆனால் பக்கத்துக் குரலைக் கேட்டே இருக்க மாட்டார்.

மூவருக்கும் ஒரே வேலை கொடுக்கிறேன்: "உங்களுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்களின் குரல் உங்கள் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும் அளவில் பாடுங்கள்." கோயர் பழக்கம் உள்ளவர்கள் இதை உடனே செய்துவிடுவார்கள். அணி பிரிக்கும்போது பக்கத்துக்கு ஒருவராக அவர்களை நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் வேண்டாம். ஓரத்தில் நிற்கும் பலமான குரல் மொத்த அணியையும் தன் பக்கம் இழுக்கும்.

11. கடைசிப் பத்து நிமிடம்

புதிதாக எதையும் தொடங்காதீர்கள். சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, மாலையில் முதலில் பாடிய ஏலேலோவை மறுபடி பாடவையுங்கள். முடிந்ததும் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். கால் கட்டை, அரைக் கட்டை இறங்கியிருக்கும். அதைக் குறையாகச் சொல்லாமல், எங்கே இறங்கியது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அநேகமாக அவரோகணமாக இறங்கும் வரிகளின் கடைசியில்தான் இருக்கும்.

கைபேசியில் பதிவுசெய்ய இந்தப் பத்து நிமிடத்தில் மட்டும், எல்லோரின் சம்மதத்தோடு விடுங்கள். முன்னாலேயே கேமரா வந்தால் கூச்சம் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு அணியின் பகுதியையும் தனித்தனியாக நீங்கள் பாடிப் பதிவுசெய்து அன்றிரவே வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுங்கள்.

எல்லோரும் போனபின், அறையைப் பூட்டுவதற்கு முன், குறிப்பேட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் சரியாக நின்றது, எந்த வரியில் மூச்சு போதவில்லை, யார் இன்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவரை நல்ல நிதானமான குரல் ஒன்றுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.